பதில்: ‘சின்ன வீடு’ வேண்டாம், சரி, வேறு என்ன?

அனைவருக்கும் வணக்கம்.

கலிபோர்னியா வீட்டுவிதிகளைத் தமிழாக்கும் தங்கைக்கு: ஒரே மனையில் முதன்மை வீட்டோடு கூடுதலாக அமைக்கும் சிறு வீட்டுக்கு (ஆங்கிலத்தில் ஏ.டி.யு.) தமிழில் என்ன சொல்லலாம் என்று கேட்டிருந்தீர்கள். உங்கள் ‘துணைநிலைக் குடியிருப்பு அலகு’ இலக்கணப்படி சரிதான். ஆனால் இங்கே மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் நான் பிளான் வரைந்து கொடுக்கும் பெரியவர்களிடம் அதை வாசித்தால், அலகு என்றதும் கோழியைத்தான் தேடுவார்கள். ‘சின்ன வீடு’ பற்றி ஐயா எழுதியதைப் படித்து வீட்டில் எல்லாரும் சிரித்தோம். அந்தச் சொல் ஏற்கெனவே வேறு குடும்பத்துக்குப் போய்விட்டது, விட்டுவிடுவோம்.

போன வாரம் ஓர் அக்கா வந்தார். தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்தவர், இப்போது மலிவு விலை வீட்டில் இருக்கிறார். மைலோ டின்னில் சுருட்டி வைத்திருந்த கெரானை, அதாவது நிலப் பட்டாவை, என் மேசையில் விரித்து, நான்கு மூலையிலும் பேனா, ஸ்டேப்ளர் என்று கையில் கிடைத்ததை வைத்து அழுத்தினார். “மகனுக்குக் கல்யாணம் தம்பி. பின்னால ஒரு அடுப்பு தனியாப் போட்டுக் குடுக்கணும்.” வீடு என்ற சொல்லே அவர் வாயில் வரவில்லை. லயத்துக்குப் பின்னால் தகரச் சார்ப்பு இறக்கி வளர்ந்தவர்களுக்கு அடுப்பு பிரிந்தால் வீடு பிரிந்தது.

அதனால் ‘துணைக்குடித்தனம்’ எனக்கு முதலில் பிடித்திருந்தது. ஆனால் நகராண்மைக் கழகம் குடித்தனத்துக்கு அனுமதி தருவதில்லை, கட்டடத்துக்குத்தான் தருகிறது. அதையே ‘துணைக்குடி’ என்று சுருக்கினால் கூட உட்கார்ந்து குடிப்பவன் ஆகிவிடுவான். ‘இணைவீடு’ என்றால் எங்கள் ஊரில் செமி-டி, அதாவது ஒரு சுவரைப் பொதுவாகக் கொண்ட இரட்டை வீடு, என்று நினைப்பார்கள். ‘கொல்லைவீடு’ அழகான சொல்தான், ஆனால் கார் கொட்டகையை மாற்றிக் கட்டினாலும் கலிபோர்னியாவில் அதே வகைதானே?

என் வாக்கு ‘துணைவீடு’. சேர்த்தே எழுத வேண்டும். துணைத்தலைவர் மாதிரி, முதன்மை ஒன்று இருக்கிறது என்பதை அதுவே சொல்லிவிடுகிறது. நிலம் ஒன்று, கெரான் ஒன்று, அடுப்பு இரண்டு. வேற்றுமை உருபும் தடையில்லாமல் ஏறுகிறது: துணைவீட்டுக்கு, துணைவீட்டில். தள்ளிக் கட்டினால் தனித்துணைவீடு, சுவரோடு ஒட்டினால் ஒட்டுத்துணைவீடு.

அப்புறம், ‘பெர்மிட்’டை அப்படியே வைக்கலாம் என்று ஒருவர் எழுதியிருந்தார். எங்கள் பக்கம் பெர்மிட் என்றால் வெளிநாட்டுத் தொழிலாளிக்கு எடுப்பதுதான் முதலில் நினைவுக்கு வரும். இங்கே இரண்டு வேறு அனுமதிகள் உண்டு. நிலத்தில் என்ன வரலாம் என்பது 1976-ஆம் ஆண்டு நகர், ஊரகத் திட்டச் சட்டம். அந்த அனுமதிக்கு மலாயில் ‘கெபெனாரான் மெரஞ்சாங்’ என்று பெயர். கட்டடத்தின் வரைபடம் 1974-ஆம் ஆண்டு சாலை, வடிகால், கட்டடச் சட்டம், எண் 133. அதன் 70-ஆம் பிரிவுப்படி எழுத்து மூலமான முன்னனுமதி இல்லாமல் எதையும் எழுப்பக் கூடாது. திட்ட அனுமதி, கட்டட அனுமதி என்று பிரித்து எழுதினால் குழப்பம் இல்லை, தமிழ்நாட்டிலும் புழங்குகிற சொற்கள்தான். கட்டி முடித்த பிறகு வருவது சான்றிதழ், அதை அனுமதியோடு சேர்க்க வேண்டாம். பழைய சி.எஃப். (குடியேறத் தகுதிச் சான்றிதழ்) போய், 2007 ஏப்ரலில் சி.சி.சி. (விதிப்படி கட்டி முடித்ததற்கான சான்றிதழ்) வந்துவிட்டது, ஆனாலும் எங்கள் ஆட்கள் இன்னும் ‘சி.எஃப். கெடச்சிடுச்சா?’ என்றுதான் கேட்கிறார்கள்.

தங்கையின் வரைவில் ஒரு திருத்தம். 2020 முதல் கலிபோர்னியாவில் துணைவீட்டு விண்ணப்பத்துக்கு முடிவு சொல்ல 60 நாள் கெடு. கூட்டம் போட்டு விவாதிக்காமல், விதிக்குப் பொருந்துகிறதா என்று மட்டும் பார்க்க வேண்டும். ஆங்கிலத்தில் ‘மினிஸ்டீரியல்’ என்கிற அதை நீங்கள் ‘அமைச்சக அனுமதி’ என்று எழுதியிருக்கிறீர்கள். அமைச்சருக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. ‘விதிவழி அனுமதி’ பொருந்தும்.

ஒன்றுதான் இன்னும் உதைக்கிறது. கலிபோர்னியாவில் முதன்மை வீட்டுக்குள்ளேயே 500 சதுர அடிக்கு மிகாமல் பிரிக்கிறார்களே, அது. குளியலறையைப் பொதுவாக வைத்துக்கொள்ளலாம், ஆனால் சமைக்கத் தனி இடம் வேண்டுமாம். அக்காவின் கணக்கு அங்கேயும் செல்லுகிறது! ‘உள்துணைவீடு’ என்று எழுதிப் பார்த்தேன், நாக்கு புரளவில்லை. ‘உள்வீடு’ என்று சுருக்கினால் போதுமா, தங்கை?