வீணை பிக்கப்பில் மட்டும் ஓயாத இரைச்சல், என்ன செய்யலாம்?

திருச்சியில் ஒரு கல்லூரி. இசைக் கச்சேரிகளுக்கு மேடை, சவுண்டு வேலையெல்லாம் மாணவர்கள் நாங்கள்தான் பார்க்கிறோம். வரும் சனிக்கிழமை வீணைக் கச்சேரி. ஒத்திகையில் வீணையின் ஃபேடரை ஏற்றினாலே அடியில் 'ங்ங்ங்' என்று ஒரு சத்தம், மேடை விளக்குகளை டிம்மரில் பாதிக்கு இறக்கினால் அது இன்னும் கரகரப்பாகிறது.

மிக்ஸர் யமஹா எம்ஜி16எக்ஸ்யூ, அரங்கின் கடைசியில் இருக்கிறது. வீணைப் பலகையில் ஒட்டிய பியசோ பிக்கப் (பலகையின் அதிர்வை மின் சிக்னலாக மாற்றுவது), அங்கிருந்து பாஸிவ் டிஐ பாக்ஸ் (அந்த சிக்னலை மிக்ஸரின் மைக் இன்புட்டுக்கு ஏற்றபடி மாற்றும், மின்சாரம் தேவைப்படாத பெட்டி), அப்புறம் சுமார் 30 மீட்டர் மல்ட்டிகோர் (பல மைக் லைன்கள் ஒன்றாகச் செல்லும் கேபிள்). மிருதங்க மைக்கும் அறிவிப்பு மைக்கும் (ஷூர் எஸ்எம்58) இதே மல்ட்டிகோரில்தான் வருகின்றன, இரண்டும் சுத்தம்.

கேபிள் மாற்றியாச்சு, சேனல் மாற்றியாச்சு, டிஐயில் கிரவுண்ட் லிஃப்ட் (சிக்னல் கேபிளின் கிரவுண்ட் இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்) போட்டுப் பார்த்தாச்சு, மிக்ஸருக்கும் ஆம்புக்கும் ஒரே பாயின்ட்டிலிருந்து கரண்ட் எடுத்தும் பார்த்தாச்சு, ம்ஹூம். எர்த் பின்னைக் கழற்றிவிடச் சொன்னார் ஒரு சீனியர்; உயிர் விஷயம், அதை மட்டும் செய்ய மாட்டோம். பிக்கப்பை விட்டுவிட்டு மைக் வைத்தால் மிருதங்கம் உள்ளே புகுந்துவிடுகிறது, கொஞ்சம் ஏற்றினால் ஃபீட்பேக் வேறு.

ஒன்று கவனித்தோம்: வாசிப்பவர் பிக்கப் ஜாக்கின் உலோகத்தை விரலால் தொட்டால் இரைச்சல் நன்றாகக் குறைகிறது, கையை எடுத்ததும் பழையபடி வந்துவிடுகிறது.

மிக்ஸர் மைக் கேபிள் வழியே அனுப்பும் 48 வோல்ட் மின்சாரத்தில் (ஃபேன்டம் பவர்) ஓடும் ஆக்டிவ் டிஐயை வாடகைக்கு எடுத்தால் இது சரியாகுமா, இல்லை வெளி மின் இரைச்சலைத் தடுக்கும் ஷீல்டு உள்ள வேறு பிக்கப்தான் போட வேண்டுமா?