புதுப்பிப்பு: ஸ்பைடர்-வெர்ஸ் உங்க டிவியில ஏன் வழுக்குது?

போன பதிவுல ‘இன்க்ரெடிபிள்ஸ்’ (2004), ‘இன்டு த ஸ்பைடர்-வெர்ஸ்’ (2018) அனிமேஷன் படம் ரெண்டையும் அசைவை வச்சு ஒப்பிட்டு, ஸ்பைடர்-வெர்ஸ்ல நடை வேணும்னே வெட்டு வெட்டா இருக்கும்னு சொல்லியிருந்தேன். “நீங்க சொன்ன வெட்டு வெட்டான நடை எங்க வீட்டு டிவியில தெரியலையே”ன்னு புதுச்சேரி லாஸ்பேட்டையிலிருந்து ஒருத்தர் கேட்டிருக்கார். படத்துல குறை இல்லீங்க, டிவி செட்டிங்தான்.

படம் நொடிக்கு 24 ஃப்ரேம், அதாவது 24 நிலைப்படம். புதுசா ஸ்பைடர்-மேன் ஆகுற பையன் மைல்ஸுக்குப் பல இடத்துல ஒரே போஸை ரெண்டு ஃப்ரேம் நிறுத்தியிருக்காங்க, அதாவது நொடிக்கு 12. காட்டுக்குள்ள வலை வீசிப் போற காட்சியைப் பாருங்க: அனுபவசாலி ஸ்பைடர்-மேன் பீட்டர் 24, மைல்ஸ் 12. கத்துக்குட்டியோட தடுமாற்றம் அதுலயே தெரியும். டிவி நடுவுல தானா ஃப்ரேம் செருகினா ரெண்டு பேரும் ஒரே மாதிரி வழுக்குவாங்க.

இப்படி ஃப்ரேம் செருகுற வசதிக்கு எல்ஜியில ட்ரூமோஷன், சோனியில மோஷன்ஃப்ளோன்னு பேரு, எதுவானாலும் ஆஃப் பண்ணுங்க. இதையெல்லாம் மொத்தமா அணைக்கிற ஃபிலிம்மேக்கர் மோட் இருந்தா இன்னும் சுலபம். ஷார்ப்னஸையும் ஏத்தாதீங்க, காமிக்ஸ் மாதிரி தெரியறதுக்காக வச்ச அச்சுப் புள்ளியெல்லாம் மணல் மாதிரி துருத்தும்.

உருவங்களோட ஓரத்துல நிறம் விலகி நிக்கிறது கோளாறு இல்ல. பின்னணியை மங்கலாக்குறதுக்குப் பதிலா, பழைய காமிக்ஸ் அச்சுப் பிசகை வேணும்னே வச்சது.

சரியாச்சான்னு பார்க்க அடுத்த பாகமான 2023 படத்துல வர்ற இன்னொரு ஸ்பைடர்-மேன் ஹோபியை எடுத்துக்காதீங்க. அவன் உடம்பு ஒரு வேகம், ஜாக்கெட் வேற வேகம்!