செலினியம் ஸ்கிரிப்டையே வைத்து லோட் டெஸ்ட் செய்யலாமா?

கேள்வி:
லாகினில் தொடங்கி ஆர்டர் போடும் வரை பிரவுசரைத் தானாக இயக்கும் செலினியம் ஸ்கிரிப்ட் எங்களிடம் தயாராக இருக்கிறது. ஒரே நேரத்தில் பலர் வந்தால் சர்வர் தாங்குமா என்று பார்க்கும் லோட் டெஸ்ட் இப்போது வேண்டும். "அதையே 200 பேர் ஓட்டுவதுபோல் ஓட்டிவிடு, வேறு டூல் எதற்கு?" என்கிறார் மேனேஜர். என் மெஷினில் 16 ஜிபி ரேம். முப்பது குரோம் திறப்பதற்குள் மவுஸ் நகரவே இல்லை. ஒரு பக்கம் வர 9 வினாடி என்று ரிப்போர்ட் சொல்கிறது, ஆனால் சர்வர் சிபியு 10 சதவீதத்தைத் தாண்டவில்லை. அதோடு நேரமெல்லாம் அரை வினாடி அரை வினாடியாகத் தாவுகிறது. ஏன்?

பதில் 1:
லோட் விழுந்தது சர்வர் மேல் இல்லை, உங்கள் மெஷின் மேல். ஹெட்லெஸ்ஸில் (ஜன்னல் திறக்காமல்) ஓட்டினாலும் ஒவ்வொரு குரோமும் ஜாவாஸ்கிரிப்டை ஓட்டித்தான் ஆக வேண்டும்.

அரை வினாடித் தாவலுக்குக் காரணம், பக்கம் வந்துவிட்டதா என்று காத்திருந்து பார்க்கும் செலினியத்தின் வெப்டிரைவர்வெயிட். நாம் மாற்றாதவரை அது 500 மில்லிவினாடிக்கு ஒருமுறைதான் எட்டிப் பார்க்கும். பக்கம் 1.1 வினாடியில் வந்திருந்தாலும் உங்கள் கணக்கில் 1.5 ஆகிவிடும். இது தெரியாமல் டேட்டாபேஸ் பார்ப்பவரிடம் நான் இரண்டு நாள் சண்டை போட்டிருக்கிறேன். அப்புறம் மன்னிப்பும் கேட்டேன். பெர்ஃபார்மன்ஸ் டெஸ்டுக்குச் செலினியத்தைப் பொதுவாகப் பரிந்துரைப்பதில்லை என்று செலினியம் ஆவணத்திலேயே இருக்கிறது. மேனேஜரிடம் அதைக் காட்டுங்கள்.

எழுதிய ஸ்கிரிப்ட் வீண் போகாது. லோட் டெஸ்டுக்கான டூலான ஜேமீட்டரில் ரெக்கார்டரைப் போட்டு, பிரவுசரின் ப்ராக்ஸியை (ரிக்வெஸ்ட் போகும் இடைவழியை) அதற்குத் திருப்பி, ஸ்கிரிப்டை ஒரே ஒருமுறை ஓட்டுங்கள். ரிக்வெஸ்ட் எல்லாம் பதிவாகிவிடும்.

கேட்டவர்:
பதிவாகிவிட்டது. திரும்ப ஓட்டினால் லாகினிலேயே 403 (அனுமதி மறுப்பு).

பதில் 1:
பழைய சிஎஸ்ஆர்எஃப் டோக்கனையே (போலி ரிக்வெஸ்டைத் தடுக்க சர்வர் தரும் ரகசியக் குறியீடு) திரும்ப அனுப்புகிறீர்கள் போலிருக்கிறது. லாகின் பக்கத்திலிருந்து ரெகுலர் எக்ஸ்பிரஷன் எக்ஸ்ட்ராக்டரால் (வேண்டிய துண்டை மட்டும் எடுக்கும் ஜேமீட்டர் வசதி) புது டோக்கனை எடுத்து அடுத்த ரிக்வெஸ்டில் வையுங்கள். லாகினை நினைவில் வைக்கும் குக்கி மேனேஜரையும் சேருங்கள். நிஜ ஓட்டம் கமாண்ட் லைனில்தான்; ஜேமீட்டர் ஜன்னலிலேயே 200 பேரை ஓட்டினால் பழைய கதைதான்.

பதில் 2:
செலினியத்தை அடியோடு தூக்கி எறிய வேண்டாம். ஜேமீட்டர் ஜாவாஸ்கிரிப்டை ஓட்டாது, அதனால் திரை எப்போது நிரம்பியது என்று அதற்குத் தெரியாது. 200 பேர் லோட் ஓடும்போது வேறொரு மெஷினில் ஒரே ஒரு குரோமை ஓட்டி, பக்கம் வர ஆன நேரத்தைப் பிரவுசரே குறித்து வைக்கும் நேவிகேஷன் டைமிங்கிலிருந்து நேரத்தை எடுங்கள். அங்கேயும் வெப்டிரைவர்வெயிட் கணக்கை நம்பாதீர்கள்.

கேட்டவர்:
டோக்கன் சரியானது. 120 பேரைத் தாண்டியதும் சர்வர் 503 (இப்போது சேவை தர முடியவில்லை) தருகிறது. இப்போது மேனேஜர் என்னைவிட்டு சர்வர் டீமைப் பிடித்திருக்கிறார்.