ஈறு நோயில் கரைந்த தாடை எலும்பு திரும்ப வளருமா?

கேள்வி: அம்மாவுக்குக் கடைவாய்ப் பல் ஆடுகிறது, எக்ஸ்ரேயில் வேரைச் சுற்றி எலும்பு கரைந்திருக்கிறது. சுத்தம் செய்து சவ்வு வைத்துத் தைக்கலாம் என்கிறார் டாக்டர். சவ்வு எதற்கு?

பதில் 1: எலும்பை அரிப்பது கிருமி இல்லைங்க, நம் உடம்பின் ஆஸ்டியோகிளாஸ்ட் செல்கள்தான். பல்லில் படியும் பற்காரையில் தங்கும் கிருமிகளால் ஈறு வீக்கம் நீடித்தால் அவை பெருகும், எலும்பு கட்டும் ஆஸ்டியோபிளாஸ்ட்களால் ஈடுகொடுக்க முடியாது. அதனால் பற்காரையை எடுப்பதுதான் முதல் வேலை.

பதில் 2: சுத்தம் செய்த இடத்துக்கு ஈற்றின் மேல்தோல் செல்கள் முந்திக்கொண்டு இறங்கி வேரோடு ஒட்டிவிட்டால் எலும்புக்கு இடமே இருக்காது. சவ்வு அவற்றைத் தடுத்து, பல்லை எலும்போடு பிணைக்கும் நாரிலிருந்து வரும் செல்களுக்கு அவகாசம் தருகிறது. அந்த நாரில் ஸ்டெம் செல்கள் (வேறு வகைச் செல்களாக மாறக்கூடியவை) இருப்பதை 2004-இல் கண்டுபிடித்தார்கள்.

பதில் 3: எலும்பு கரைந்த குழியின் வடிவத்தையும் டாக்டரிடம் கேளுங்கள். மூன்று பக்கம் எலும்புச் சுவர் நிற்கும் குறுகிய குழி நன்றாக நிரம்பும், மட்டமாகத் தேய்ந்திருந்தால் கஷ்டம். அப்புறம், அம்மாவுக்குச் சர்க்கரை இருந்தால் முதலில் அதைக் கட்டுக்குள் கொண்டுவாருங்கள்.