கல்யாண போட்டோ: அட்வான்ஸ் வாங்கினவர் ஒருத்தர், வந்து நின்றவர் வேறொருத்தர்

தாராபுரத்து அக்கா

போன ஆவணியில் எங்க தம்பி கல்யாணம். கோயம்புத்தூரில் ஓரளவு பேர் உள்ள ஸ்டுடியோவில்தான் பேசினோம். இன்ஸ்டாகிராமில் அவர்கள் போட்டிருந்த படங்களைப் பார்த்து வீடே மயங்கிவிட்டது. அட்வான்ஸ் வாங்கும்போது ஓனரே உட்கார்ந்து ஒரு மணி நேரம் பேசினார். கல்யாணத்துக்கு முதல் நாள் சாயந்திரம் மண்டபத்துக்கு வந்தது யாரென்றே தெரியாத இரண்டு பையன்கள். ஓனருக்கு போன் போட்டால், "நம்ம டீம்தானுங்க, பயப்படாதீங்க" என்றார்.

இணைச்சீரில் தம்பி பக்கத்தில் உட்கார்ந்தது நான்தான். மாப்பிள்ளையும் கூடப்பிறந்தவளும் சேர்ந்து உட்காரும் சீர், ஒரு பெண்ணுக்கு வாழ்க்கையில் அப்படி ஒன்றோ இரண்டோதான் வாய்க்கும். அந்த நேரத்தில் இரண்டு பையன்களும் பந்தியில் இருந்தார்கள். சித்தப்பா ஓடிப்போய்க் கூட்டி வந்தபோது பாதிச் சீர் முடிந்துவிட்டது. ஆல்பத்தில் இணைச்சீருக்கு ஒரே ஒரு படம். அதிலும் என் கண் மூடியிருக்கிறது, சீரை நடத்திவைக்கும் அருமைக்காரரின் கை மட்டும் ஓரத்தில் தெரிகிறது. ரிசப்ஷனில் தம்பியும் கல்யாணப் பெண்ணும் கைகோத்து நிற்கிற படமோ பக்கம் பக்கமாக இருக்கிறது. முகூர்த்தப் படங்களில் எல்லார் முகமும் மஞ்சள் பூத்து, பின்னால் எல்இடி சுவரில் பட்டை பட்டையாகக் கோடு.

கேட்டால் "லைட்டிங் சரியில்லைங்க" என்கிறார்கள். மண்டபத்து லைட் அப்படித்தான் இருக்கும் என்று தெரிந்துதானே வருகிறார்கள்? கேமரா வாங்கினவனெல்லாம் போட்டோகிராபர் என்று போர்டு மாட்டுவதைத் தடுக்கவேண்டும் என்பது என் கட்சி. கார் ஓட்டவே லைசென்ஸ் கேட்கிறார்கள். திரும்பக் கிடைக்காத நாளைப் படம் எடுக்கிறவருக்கும் பரீட்சை, சான்றிதழ் என்று ஏதாவது வேண்டும்.

ஈரோட்டு ஸ்டுடியோக்காரர்

அம்மிணி, உங்க வருத்தம் நியாயமானது. இணைச்சீரை விட்டுவிட்டுப் பந்திக்குப் போனதை யாரும் நியாயப்படுத்த முடியாது. ஆனால் சான்றிதழ் கேட்பதை ஒத்துக்கொள்ள மாட்டேன்.

நான் ஃபிலிம் காலத்தில் தொழிலுக்கு வந்தவன். ஒரு ரோலில் 36 படம். ஒவ்வொன்றுக்கும் காசு. ஃபிளாஷை எவ்வளவு தூரத்தில், எந்த அளவில் வைக்கவேண்டும் என்று தப்பினால் கழுவி வந்த பிறகுதான் தெரியும். அந்தப் பயத்திலேயே தொழில் கற்றோம், எந்தச் சான்றிதழும் அந்தப் பயத்தைக் கொடுக்காது. ஐடிஐயில் டிஜிட்டல் போட்டோகிராபர் என்று ஒரு வருடப் படிப்பு இருக்கத்தான் செய்கிறது. அதை முடித்தவருக்கு ஷட்டர் தெரியும். தாய்மாமன் எப்போது மாலை எடுப்பார் என்று எந்த வகுப்பிலும் சொல்லித்தர மாட்டார்கள்.

அப்புறம் முகூர்த்த நாள் கணக்கு. ஆடியிலும் மார்கழியிலும் கடையைத் திறந்து ஈ ஓட்டுகிறோம். ஆவணியிலும் தையிலும் வளர்பிறை முகூர்த்தம் வந்தால் ஈரோடு, பெருந்துறை, கோபி, காங்கேயம் என்று எல்லா மண்டபமும் ஒரே நாளில் நிறைகிறது. எல்லாரும் அதே நாளைக் கேட்டால் நல்ல கேமராக்காரருக்கு எங்கே போவது? வெளி ஆளைக் கூப்பிட்டுத்தான் ஆகவேண்டும். வருடம் முழுக்கச் சம்பளம் கொடுத்து ஆள் வைத்துக்கொள்ளும் அளவுக்கு இதில் வருமானம் இல்லை.

கரூர்க்காரன்

எனக்கு இரண்டு பக்கமும் சரியாகப் படவில்லை. சாப்பாட்டுக்கு இலைக்கு எவ்வளவு ஆனாலும் பேசாமல் கொடுக்கிறோம். மேடை அலங்காரத்துக்கும் அப்படித்தான். போட்டோகிராபரிடம் மட்டும் வீட்டுப் பெரியவர்கள் எல்லாரும் சுற்றி உட்கார்ந்துகொண்டு, ட்ரோன் சேர், அவுட்டோர் சேர், ஆல்பம் இரண்டாகக் கொடு, காசை மட்டும் குறை என்கிறோம். குறைத்த காசுக்குக் குறைந்த ஆள்தான் வருவார். எங்க அக்கா கல்யாணத்தில் மூன்று பங்காளிகள் செல்போனில் எடுத்ததுதான் இன்றைக்கும் வீட்டில் எல்லாரும் பார்க்கிற படம். ஆல்பம் பீரோ மேலே இருக்கிறது. இதற்கு லட்சக்கணக்கில் செலவு எதற்கு?

தாராபுரத்து அக்கா

நாங்கள் ஒரு ரூபாய்கூடக் குறைக்கவில்லை. கேட்டதைக் கொடுத்தோம். ஆள் மாறுவார் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வேறு இடம் பார்த்திருப்போம். அந்த வாய்ப்பையே கொடுக்காமல் போனதுதான் என் மனக்குறை. செல்போன் போதும் என்கிறீர்கள். விடியற்காலை ஐந்து மணிக்கு, ஓமப் புகைக்கு நடுவே, பத்துப் பேர் தோளுக்குப் பின்னால் நின்று செல்போனில் எடுத்த தாலி கட்டும் படம் எப்படி இருக்கும் என்று எங்க வீட்டு வாட்ஸ்அப் குழுவில் பார்த்தாகிவிட்டது.

திருப்பூர் ஃப்ரீலான்ஸ் தம்பி

அக்கா சொல்கிற "யாரென்றே தெரியாத பையன்" நான்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்க மண்டபத்துக்கு வந்தவன் நானில்லை, ஆனால் அதே வேலைதான் நானும் செய்கிறேன். ஸ்டுடியோவிலிருந்து முதல் நாள் ராத்திரி போன் வரும். மண்டபத்தின் பேரும் லொகேஷனும் வரும். மாப்பிள்ளை பேர்கூடச் சில நேரம் வாசலில் பேனரைப் பார்த்துத்தான் தெரியும். எந்தச் சீர் எத்தனை மணிக்கு, தாய்மாமன் யார், அப்புச்சி (அம்மாவைப் பெற்ற தாத்தா) எங்கே உட்கார்ந்திருக்கிறார், எதுவும் சொல்ல மாட்டார்கள். சாயந்திரம் நாலு மணிக்குக் கேமராவை எடுத்தால் ரிசப்ஷன் முடிய ராத்திரி பதினொன்று. அதற்குப் பிறகு சீர். விடிகாலையில் முகூர்த்தம். மண்டபத்து ஹாலில் பையைத் தலைக்கு வைத்து ஒரு மணி நேரம் கண்ணசந்தால் பெரிய விஷயம். பந்திக்குப் போனவனைக் குறை சொல்லுங்கள், தப்பில்லை. ஆனால் அவன் மத்தியானம் சாப்பிட்டானா என்று யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

எல்இடி சுவர் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். அது கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் அணைந்து அணைந்து எரிகிறது. ஷட்டர் வேகத்தை ஏற்றினால் பட்டை விழும். நம்ம ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், அதனால் மண்டபத்துக்குள்ளே ஷட்டரை ஒரு நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு, நூறில் ஒரு பங்கு என்று வைத்துக்கொண்டால் மற்ற விளக்குகளின் துடிப்பு பெரும்பாலும் அடங்கும். சுவருக்கு மட்டும் முதலில் ஒரு படம் எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்து, கோடு போகிற வரை ஷட்டரைக் குறைக்கவேண்டும். மஞ்சள் முகத்துக்குக் காரணம் வேறு. வீடியோக்காரர் லைட் ஒரு நிறம், மேடை லைட் ஒரு நிறம், கேமராவை ஆட்டோவில் விட்டால் எதை நம்புவது என்று அதற்குத் தெரியாது. இதெல்லாம் ஒரு நல்ல மூத்தவரோடு ஒரு சீசன் சுற்றினால் வந்துவிடும். எங்களைக் கூட்டிப் போய்க் கற்றுக்கொடுக்க யாருக்கும் நேரமில்லை. தனியாகத்தான் அனுப்புகிறார்கள்.

ஈரோட்டு ஸ்டுடியோக்காரர்

தம்பி சொல்வதில் உண்மை இருக்கிறது. ஆனால் கற்றுக்கொடுத்தால் அடுத்த வருடமே எதிர்த் தெருவில் தனிக்கடை போடுகிறார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். மூன்று பேருக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தேன், மூன்று பேரும் இன்றைக்கு என் வாடிக்கையாளருக்கே விலை சொல்கிறார்கள்.

திருப்பூர் ஃப்ரீலான்ஸ் தம்பி

அண்ணா, நீங்கள் யாரிடம் கற்றீர்களோ அவரும் இதையே நினைத்திருந்தால் உங்களுக்குக் கடை இருந்திருக்காது.

நாமக்கல் வக்கீல்

சான்றிதழ் பேச்சுக்கு ஒரு தகவல். ட்ரோனுக்கு ஏற்கெனவே அது இருக்கிறது. 2021 ட்ரோன் விதிகள்படி, 250 கிராமுக்கு மேல் எடையுள்ள ட்ரோனைக் காசுக்குப் பறக்கவிடுகிறவருக்கு ரிமோட் பைலட் சான்றிதழ் வேண்டும். விமான நிலையம், விமானப்படைத் தளம் பக்கமென்றால் அனுமதி இல்லாமல் பறக்கவிடவே கூடாது. கோயம்புத்தூரில் விமான நிலையம் உள்ள பீளமேடும் விமானப்படைத் தளம் உள்ள சூலூரும் எங்கே இருக்கிறது என்று எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் பேக்கேஜில் ட்ரோன் கேட்கிற எத்தனை வீட்டார் அந்தச் சான்றிதழைக் கேட்டுப் பார்த்தார்கள்? கேட்க ஆளில்லாத சான்றிதழால் யாருக்கும் பயனில்லை. அதனால் அக்காவின் யோசனையில் எனக்கு நம்பிக்கை குறைவு.

கைக்கு எட்டுகிற வழி வேறு இருக்கிறது. காசு வாங்கிக்கொண்டு ஒழுங்காகச் செய்யாத வேலை, 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் சேவைக் குறைபாடு. நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். ஸ்டுடியோ கோயம்புத்தூரில் இருந்தாலும் தாராபுரத்துக்காரர் திருப்பூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. வக்கீல் வைத்துத்தான் ஆகவேண்டும் என்றும் இல்லை. பிரச்சினை நடந்து இரண்டு வருடத்துக்குள் போகவேண்டும். அதற்கு முன்னால் 1915 என்ற எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்தைக் கூப்பிட்டுப் பார்க்கலாம்.

ஆனால் ஆணையம் கேட்கும் முதல் கேள்வி, என்ன எழுதி வாங்கினீர்கள் என்பதுதான். நம்ம பக்கம் வெற்றிலை பாக்கு மாற்றினாலே முடிந்தது என்று இருந்துவிடுகிறோம். அட்வான்ஸ் ரசீதில் "கல்யாணம், பேலன்ஸ் இவ்வளவு" என்று இரண்டு வரி. அதை வைத்துக்கொண்டு, வருவதாகச் சொன்னவர் வரவில்லை என்று எப்படி நிரூபிப்பது?

இன்னொன்று. காசு கொடுத்து எடுக்கச் சொன்ன போட்டோவுக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாதபோது, எடுக்கச் சொன்னவர்தான் முதல் உரிமையாளர். 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு அப்படித்தான் சொல்கிறது. உங்க வீட்டுப் பெண் படத்தை விளம்பரத்துக்குப் போடுகிறவர் உங்களைக் கேட்டுத்தான் போடவேண்டும்.

ஈரோட்டு ஸ்டுடியோக்காரர்

சட்டத்தை மறுக்கவில்லை அம்மா. ஆனால் உரிமை எங்களுடையது என்று சொல்லி, எடுத்த அத்தனை ரா ஃபைலையும் (திருத்தம் செய்யாத மூலப் படங்கள்) அப்படியே கொடு என்று கேட்பது சமையல்காரரிடம் அரைத்த மாவைக் கேட்பது மாதிரி. வேலை முடிந்த படத்தைப் பார்த்துத்தான் எங்களை எடைபோடவேண்டும். வீட்டார் பக்கத்துத் தொல்லையையும் யாராவது எழுதுங்கள். தாலி கட்டும்போது குறுக்கே கையை நீட்டிக்கொண்டு செல்போனில் எடுக்கும் சொந்தக்காரரை நான் எப்படி விலக்குவது? ஒரு மாமாவைத் தள்ளி நிற்கச் சொன்னதற்கு மண்டபத்திலேயே சண்டை வந்திருக்கிறது.

பொள்ளாச்சி அப்பா

மூத்தவள் கல்யாணத்தில் அக்கா பட்டதை நாங்களும் பட்டோம். சின்னவளுக்குப் பேசும்போது ஸ்டுடியோவில் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். "நல்ல படங்கள் வேண்டாம், நீங்கள் எடுத்த ஏதாவது ஒரு கல்யாணத்தின் ஆல்பத்தை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை காட்டுங்கள்." மூன்று இடத்தில் தட்டிக்கழித்தார்கள். நாலாவது இடத்தில் உடுமலைப் பக்கத்து வீட்டுக் கல்யாணம் ஒன்றை, அந்த வீட்டாரிடம் போனில் கேட்டுவிட்டு எடுத்துக் கொடுத்தார்கள். பளிச்சென்ற படங்கள் அதில் குறைவு. ஆனால் முகூர்த்தக்கால் இருந்தது, மங்கலவாழ்த்து பாடுகிறவரின் முகம் இருந்தது, கேட்டுக்கொண்டே கண்ணைத் துடைக்கும் ஒரு ஆத்தா இருந்தார். பந்தியில் பரிமாறுகிற பங்காளிகள்கூட இருந்தார்கள். அந்த ஸ்டுடியோக்காரரையே பேசினோம். இரண்டு மெமரி கார்டு போடும் கேமராவா, ஒரே நேரத்தில் இரண்டிலும் பதிவாகுமா என்றும் கேட்டேன். ஆமாம் என்று திறந்தே காட்டினார்.

எங்கள் பக்கம் ஒரு வேலை செய்தோம். சொந்தமெல்லாம் தெரிந்த மச்சினன் பையனை முதல் நாளிலிருந்து போட்டோகிராபர் கூடவே விட்டோம். இன்னார் தாய்மாமன், இன்னார் அமத்தா (அம்மாவைப் பெற்ற பாட்டி), அடுத்து இந்தச் சீர் என்று அவன்தான் சொன்னான். குறுக்கே வருகிற மாமாக்களை விலக்கியதும் அவன்தான். சொந்தக்காரப் பையன் சொன்னால் யாரும் கோபிப்பதில்லை.

கரூர்க்காரன்

இது நல்ல யோசனை. ஆனாலும் செலவு விஷயத்தில் என் கருத்தில் மாற்றமில்லை.

திருப்பூர் ஃப்ரீலான்ஸ் தம்பி

அப்படி ஒரு பையன் கூட இருந்தால் எங்களுக்குப் பாதி பாரம் குறையும். அவனையே எங்களையும் முதல் பந்தியில் உட்காரவைக்கச் சொல்லுங்கள். சீர் ஆரம்பிக்கும்போது பசியில்லாமல் நிற்போம்.

தாராபுரத்து அக்கா

சான்றிதழ் வேண்டாம் என்பவர்கள் சொன்னதைப் படித்தேன். இன்னும் முழுக்க ஒத்துக்கொள்ளவில்லை. விவரம் தெரிந்த அப்பா உள்ள வீடு கேள்வி கேட்டுத் தப்பித்துவிடும். முதல் கல்யாணம் நடத்துகிற வீடு என்ன செய்யும்? கேட்கத் தெரியாதவரும் ஏமாறாமல் இருக்கத்தானே விதி வேண்டும் என்கிறேன்.

வக்கீல் அம்மாவிடம் ஒரு கேள்வி. தையில் சித்தப்பா மகள் கல்யாணம். ஒப்பந்தத்தில் "கேமராவோடு வருகிறவர் இன்னார், அவர் மாறினால் ஒரு வாரம் முன்பே சொல்லவேண்டும், பிடிக்காவிட்டால் அட்வான்ஸ் முழுவதும் திரும்ப" என்று எழுதி வாங்கப்போகிறோம். வெறும் வெள்ளைத்தாளில் இரண்டு பேர் கையெழுத்து போட்டால் செல்லுமா, முத்திரைத்தாள் வேண்டுமா?

நாமக்கல் வக்கீல்

வெள்ளைத்தாளில் எழுதினாலும் ஒப்பந்தம் ஒப்பந்தம்தான். முத்திரைத்தாளில் எழுதிவிட்டால் பின்னால் சாட்சியமாகக் காட்டும்போது தகராறு இருக்காது. பணத்தை ஜிபேயிலோ பேங்கிலோ அனுப்புங்கள், கையில் கொடுக்காதீர்கள். சீர்களின் பேரையும் நேரத்தையும் வரிசையாக எழுதி அதே தாளின் பின்பக்கத்தில் இணைத்துக் கையெழுத்து வாங்குங்கள். இணைச்சீர் முதல் வரியில் இருக்கட்டும்.

ஈரோட்டு ஸ்டுடியோக்காரர்

ஆள் பேரை எழுதிக் கேட்டால் நானும் கொடுப்பேன். ஆனால் அதற்கு ஒரு மாதம் முன்பு வந்தால் முடியாது அம்மிணி. தை முகூர்த்தமென்றால் இப்போதே பேசுங்கள், நல்ல ஆள் இன்னும் காலியாக இருக்கிறார்கள்.