கட்சி மாறினா ஓட்டும் கூடவே வருமா?

வைகைக்கரை:
நான் தேனிக்காரன், தங்க தமிழ்ச்செல்வன் விஷயம் ரொம்ப நாளா மண்டைக்குள்ள ஓடிட்டே இருக்கு. 2019 எம்பி எலெக்‌ஷன்ல அமமுகவோட பரிசுப்பெட்டி சின்னத்துல நின்னு மூணாவது எடம், அடுத்த மாசமே திமுகவுல சேர்ந்தாரு, 2021ல போடியில ஓபிஎஸ்கிட்ட தோத்தாரு, 2024ல அதே தேனியில சூரியன்ல நின்னு தன்னோட பழைய தலைவர் டிடிவி தினகரனையே ரெண்டரை லட்சம் ஓட்டுக்கு மேல தாண்டி ஜெயிச்சாரு. ஆளு ஒண்ணுதான். அப்ப ஜனங்க எதப் பாத்து குத்துறாங்க?

குமரிக்காரன்:
சின்னம்தான் ப்ரோ. விளவங்கோட்டுல விஜயதரணி கை சின்னத்துல மூணு தடவ ஜெயிச்சவங்க, 2024 பிப்ரவரியில பாஜகவுக்குப் போனாங்க. ரெண்டே மாசத்துல வந்த இடைத்தேர்தல்ல அவங்க நிக்கல, ஆனா தொகுதி காங்கிரஸ விட்டு நகரவே இல்ல, தாரகை கத்பர்ட் ஜெயிச்சாங்க.

அமராவதி:
முழுசா ஒத்துக்க மாட்டேன். செந்தில் பாலாஜி 2016ல அரவக்குறிச்சியில இரட்டை இலை, 2018 டிசம்பர்ல திமுக, 2019 மே இடைத்தேர்தல்ல அதே அரவக்குறிச்சியில சூரியன்ல ஜெயிச்சாரு. கிளைச் செயலாளர், பூத் ஏஜென்ட்னு கீழ வேலை பாக்குற ஆளுங்க கூடவே வந்தாதான் இது நடக்கும். ஆனா போற எடமும் வேரு உள்ள கட்சியா இருக்கணும், அந்த வருஷம் 22 தொகுதி இடைத்தேர்தல்ல அமமுகவுக்கு ஒண்ணுகூட கெடைக்கல.

தேநீர்க்கடை:
எல்லாரும் வர்றவரப் பத்தியே பேசுறீங்க, ஏற்கனவே உள்ள இருக்கிறவன யாராவது நெனச்சீங்களா? எங்கப்பா முப்பது வருஷம் கிளைச் செயலாளர். யார எதிர்த்து தெருத்தெருவா பேசினாரோ அவரே எங்க கட்சிக்கு வந்து சீட்டும் வாங்கிட்டாரு. செவுத்துல பழைய சின்னத்துக்கு மேல சுண்ணாம்பு அடிச்சு எங்க சின்னத்த வரைஞ்சாங்க, பேரு மட்டும் அப்படியே இருந்துச்சு. அப்பா ஓட்டு போட்டாரு, ஆனா பூத் ஸ்லிப் குடுக்க ஒரு வீட்டுக்கும் போகல. அவர மாதிரி நாலு பேரு வீட்டுல உக்காந்துட்டா அங்கதான் ஓட்டு கொறையும்.

வைகைக்கரை:
உங்கப்பாவப் பத்தி நீங்க சொன்னது நியாயம்ங்க, எனக்கு இது தோணவே இல்ல. பக்கத்து திண்டுக்கல்ல மாயத்தேவர் கதையும் இருக்கு, 1973 இடைத்தேர்தல்ல இரட்டை இலைக்கு முதல் வெற்றி வாங்கிக் குடுத்தவரே அவர்தான், 1980ல அதே திண்டுக்கல்ல திமுகவுல நின்னு ஜெயிச்சாரு. அப்ப திமுக இந்திரா காங்கிரஸோட கூட்டணி, 39ல அதிமுகவுக்கு ரெண்டே சீட்டுதான் வந்துச்சு. காத்து அந்தப் பக்கம் அடிக்கும்போது மாறினவருக்கும் சேர்த்துதான் ஓட்டு விழுந்திருக்கு.