அம்மாவுக்குப் பிறகு வேப்பிலையை நான் எடுக்கலாமா?

ஈசூன் மலர்:
வணக்கம். நான் அம்மாவோடு சிங்கப்பூரில், ஈசூனில் இருக்கிறேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆனால் எங்கள் வாசலில் செருப்பு நிறைந்துவிடும். வருகிறவர்கள் எல்லாருமே பெண்கள்தான். கைக்குழந்தைக்குத் திருஷ்டி கழிக்க, உரம் விழுந்ததை (குழந்தைக்கு ஏற்படும் சுளுக்கை) எடுக்க, பயந்துபோன பிள்ளைக்கு விபூதி போட என்று வருவார்கள். சில வெள்ளிகளில் அம்மாவுக்கு அருள் வரும், வாக்கு சொல்வார். காசு வாங்க மாட்டார். வெற்றிலை பாக்கு, எலுமிச்சம்பழம், அவ்வளவுதான்.

அம்மாவுக்கு எழுபது தாண்டிவிட்டது, முழங்கால் வலியில் தரையில் உட்கார முடிவதில்லை. "இனி நீ எடுத்துக்கோ" என்கிறார். பெரியப்பாவோ, "சாமி காரியம் ஆம்பளைங்க பாக்குறது. பொம்பளைங்களுக்குத் தீட்டு இருக்கு. உங்கம்மா செஞ்சதே தப்பு" என்று ஒரே பிடியாக நிற்கிறார். எனக்கு இதுவரை அருள் வந்ததே இல்லை, அலுவலகத்தில் கணக்கு வேலை பார்க்கிறேன். நம் மரபில் பெண்கள் இதைச் செய்திருக்கிறார்களா? நான் எடுத்துக்கொள்ளலாமா?

குமார் உட்லண்ட்ஸ்:
பெரியப்பா சொல்வதை அப்படியே தள்ளிவிட முடியாது. சவுத் பிரிட்ஜ் ரோடு மாரியம்மன் கோயில் தீமிதியில் பூக்குழி இறங்குவது ஆண்கள்தான். பெண்கள் பால்குடம் எடுப்பார்கள், கும்பிடுதண்டம் போடுவார்கள், அதோடு சரி. 1827இல் தொடங்கிய கோயில் அது. முறை என்று ஒன்று இருக்கிறது. சங்க காலத்தில்கூட முருகன் அருள் வந்து வெறியாடிய பூசாரியான வேலன் ஆண்தானே?

செம்பவாங் ராஜம்:
மலர், பெரியப்பா பேச்சைப் படித்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. உங்கள் அம்மா செய்தது தப்பே இல்லை.

குமார் தம்பி, வேலன் ஆண்தான், சரி. ஆனால் மகளுக்கு என்ன ஆயிற்று என்று தெரியாமல் தவிக்கும் தாய் கூப்பிடுவது வேலனை மட்டும் இல்லை. முறத்தில் நெல் போட்டுக் குறி பார்க்கிற கட்டுவிச்சியையும்தான். குறுந்தொகை 23ஆம் பாட்டைப் பாருங்கள், ஔவையார் பாடியது. அதில் வரும் அகவன் மகளுக்கு, அதாவது பாடிக் குறி சொல்கிறவளுக்கு, கூந்தல் சங்குமணி கோத்ததுபோல வெளுத்திருக்கிறது. வயதான பெண் அவள். சிலப்பதிகாரம் வேட்டுவ வரியில் சாமியாடும் பெண்ணான சாலினி மேல் கொற்றவை இறங்குகிறாள். மயிர் சிலிர்க்க, கையை உயர்த்தி ஆடி, கொற்றவைக்குக் கொடுக்க வேண்டிய கடனைக் கொடுக்கவில்லை என்று வேட்டுவர்களான எயினர் கூட்டத்தையே கண்டிக்கிறாள். வில்லும் அம்புமாக நிற்கிற ஆண்கள் கேட்டுக்கொள்கிறார்கள். கருவறைப் பூசை ஆண்கள் கையில் இருந்திருக்கலாம். நோய் வந்த வீட்டு வாசல் பெண்கள் கையில்தான் இருந்தது.

நான் வளர்ந்தது நேவல் பேஸ் குவார்ட்டர்ஸில். பிறகு குழந்தைகள் வார்டில் தாதியாக இருந்து ஓய்வுபெற்றேன். என் அப்பத்தாவிடம் தமிழர், மலையாளிகள், பக்கத்து மலாய்க்காரப் பெண்கள் என்று எல்லாரும் வருவார்கள். ஒரு பிள்ளைக்குச் சின்னம்மை போட்டது என்றால் அப்பத்தா அந்த வீட்டு நிலைப்படியில் வேப்பிலை சொருகிவிடுவார். விருந்தாளி வரக்கூடாது, அடுப்பில் தாளிக்கக்கூடாது, அரிப்புக்கு நகம் படக்கூடாது, வேப்பங்கொத்தால்தான் தடவ வேண்டும். ராத்திரி தாயைத் தூங்க வைத்துவிட்டு, தான் பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து மாரியம்மன் தாலாட்டு பாடுவார். வார்டில் வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் அதன் அருமை எனக்கு முழுசாகப் புரிந்தது. நோயாளியைத் தனியாக வைப்பது, புண்ணைச் சொறியவிடாமல் பார்ப்பது, களைத்துப்போன தாய்க்கு ஓய்வு கொடுப்பது எல்லாமே நாங்கள் அங்கே செய்த வேலைதான். (இப்போது தடுப்பூசி இருக்கிறது. 2020 நவம்பர் முதல் சின்னம்மை ஊசி தேசியக் குழந்தைத் தடுப்பூசி அட்டவணையில் சேர்ந்துவிட்டது. பிள்ளைகளுக்குப் போடச் சொல்லுங்கள்.)

ஆனால் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது வேறு. வயிற்றுவலி என்று ஒரு மருமகள் அடிக்கடி வருவாள். கையில் கன்றியிருக்கும். ஒரு நாள் புருஷன், மாமியார் எல்லாரையும் அழைத்து வரச் சொல்லி அப்பத்தா உட்கார்ந்தார். அருள் வந்து, "இவள் மேலே கை வச்சா என் மேலே கை வச்ச மாதிரி" என்றார். அந்த ஆள் நடுங்கிப் போனான். அதே வார்த்தையை அப்பத்தா தன் வாயால் சொல்லியிருந்தால், 'கிழவிக்கு என்ன வேலை' என்று போயிருப்பான். பெண்ணுக்குப் பேச இடமே இல்லாத வீட்டில் அம்மன் வாய் திறந்தாள். எனக்கு அதுதான் வைத்தியம்.

கொரியாவிலும் இதே கதைதான். முன்னோர் சடங்கு ஆண்களுக்கு, வீட்டுத் தெய்வமும் நோய் நொடியும் பெண்களுக்கு. அங்கே சாமியாடுகிற முடாங்குகளில் பெரும்பாலோர் பெண்கள். அந்தக் காலத்தில் கொரியாவை ஆண்ட ஜோசன் அரசு அவர்களைத் தலைநகருக்கு வெளியே விரட்டியது, அரண்மனைப் பெண்களோ அவர்களையே கூப்பிட்டு அனுப்பினார்கள். ஒருத்திக்குக் காரணம் தெரியாத நோய் வந்து வாட்டும், அதைத் தெய்வத்தின் அழைப்பாக ஏற்றுக்கொண்ட பிறகே அவள் முடாங் ஆவாள் என்பது அவர்கள் நம்பிக்கை. அருள் என்பது அம்மா கொடுத்து மகள் வாங்குகிற நகை இல்லை, மலர். வராத அருளை வந்ததாக ஆடாதீர்கள். நம்பி வருகிறவர்களுக்கு அது துரோகம்.

மற்றதைக் கற்றுக்கொள்ளுங்கள். பாட்டு, பத்தியம், யார் எதற்காக வருகிறார்கள் என்று முகம் பார்த்து அறிவது. அம்மா இருக்கும்போதே பக்கத்தில் உட்காருங்கள். ஒரு விஷயத்தை மட்டும் அடியோடு விட்டுவிட வேண்டும்: உரம் எடுக்கிறேன் என்று குழந்தையைச் சேலையில் போட்டு உருட்டுவது, தலைகீழாகப் பிடித்துக் குலுக்குவது, தொக்கம் (உள்ளே சிக்கிய உணவு) எடுக்கிறேன் என்று தொண்டையில் விரல் விடுவது. குலுக்கினால் பச்சைக்குழந்தைக்கு மூளையில் ரத்தம் கசியலாம். மூன்று மாதம் ஆகாத குழந்தைக்கு 38 டிகிரி காய்ச்சல் என்றால் விபூதியை நெற்றியில் வைத்துவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள். அடிபட்டு வருகிற பெண்ணிடம் 1800-777-0000 என்ற தேசிய வன்முறை எதிர்ப்பு உதவி எண்ணைக் கொடுங்கள். இருபத்துநான்கு மணி நேரமும் பேசலாம்.

ரேவதி தேக்கா:
தீட்டு பற்றி ஒரு வார்த்தை. மேல்மருவத்தூரில் பெண்களே கருவறைக்குள் போய் அபிஷேகம் செய்கிறார்கள், மாதவிலக்கு நாளிலும் தடை இல்லை. இங்கிருந்து செவ்வாடை கட்டிப் போகிற அக்காமார்களைக் கேட்டாலே சொல்வார்கள். பெரியப்பாவையும் ஒருமுறை அழைத்துப் போங்கள்.

குமார் உட்லண்ட்ஸ்:
ராஜம் அக்கா, சாலினி பற்றி எனக்குத் தெரியாது, படிக்கிறேன். ஆனால் கோயில் முறையைக் கோயில்தான் தீர்மானிக்க வேண்டும், அதில் நான் மாறவில்லை. மலர் வீட்டு விஷயத்தில் அவருடைய அம்மா சொல்வதுதான் பெரிது.

ஈசூன் மலர்:
எல்லாருக்கும் நன்றி. ராஜம் அக்கா, உங்கள் பதிலை அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். முடாங் பகுதியைத் திரும்பப் படிக்கச் சொன்னார். கல்யாணமான புதிதில் தனக்கும் அப்படித்தான் ஓயாத தலைவலி இருந்தது என்றார். இத்தனை வருஷத்தில் இதை என்னிடம் சொன்னதே இல்லை.

சேலையில் உருட்டுவது பற்றித்தான் வாக்குவாதம். "நான் மெதுவாத்தானே செய்வேன்" என்கிறார். எண்ணெய் தடவி நீவிவிடுவதோடு நிறுத்திக்கொள்ள ஒருவழியாகச் சம்மதித்திருக்கிறார். தாலாட்டை முழுசாகக் கைப்பேசியில் பதிவு செய்யவும் விட்டார். நடுவில் சில அடிகள் எனக்குப் புரியவில்லை, அவருக்கும் அர்த்தம் தெரியவில்லை. அவற்றைத் தட்டச்சு செய்து இங்கேயே போடுகிறேன், தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.